ககனக் காசியல்: ஒரு தோற்றுவாய்

விமானம் பொறித்த நாணயங்களைச் சேர்ப்பவனுக்கு இரண்டு தரப்பிலும் மரியாதை கிடையாது. சோழர் காசு, மொகலாய மொஹர், கம்பெனி ரூபாய் என்று பேச்சு நடக்கும் நாணயச் சேகரிப்பாளர் கூட்டத்தில் 2001ஆம் ஆண்டின் அமெரிக்கக் கால் டாலரை எடுத்து நீட்டிப் பாருங்கள். பக்கத்து நாற்காலிக்காரர் தம் பூதக்கண்ணாடியை உறைக்குள் போட்டுவிடுவார். சரி, விமான நிலைய மதிலோரம் நின்று வால் எண் குறித்துக்கொள்ளும் அன்பர்களிடம் போகலாம் என்றால், பறக்காத எதையும் அவர்கள் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. இப்படி இரண்டு புலங்களுக்கும் நடுவே கேட்பாரற்றுக் கிடக்கும் துறைக்கு 'ககனக் காசியல்' என்று பெயர் சூட்டி, அதன் எல்லை, அளவை, விதி, விதிவிலக்கு ஆகியவற்றை நிறுவ முயல்வதே இவ்வாய்வு.

எல்லையை முதலில் கட்டுவோம். நாணயம் எனப்படுவது அரசு அடித்து, விலை பொறித்து வெளியிட்டது. விமானக் கம்பெனிகள் விற்கும் பதக்கங்களும், ஓய்வுபெற்ற விமானத்தின் தகட்டை நறுக்கிச் செய்த சாவிக்கொத்துகளும் இதில் அடங்கா. விமானம் எனப்படுவது காற்றைவிடக் கனமாக இருந்தும் எழும்புவது. எனவே பலூன் நீங்கும். ஹெலிகாப்டரை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். பிரிட்டிஷ் விமானப்படையின் நூற்றாண்டுக்காக 2018இல் அந்நாட்டு நாணயச்சாலை ஐந்து விதமான இரண்டு பவுண்டு நாணயங்களை வெளியிட்டது. ஸ்பிட்ஃபயர், வல்கன், லைட்னிங் என்று மூன்றில் விமானங்கள், ஒன்றில் படைச்சின்னம், மிச்சமுள்ள ஒன்றில் சீ கிங் ஹெலிகாப்டர். கொள்கைப் பிடிப்போடு சீ கிங்கை விலக்கினால் ஆல்பத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. ஆல்பத்துப் பள்ளத்தைவிடப் பெரிய தீங்கு சேகரிப்பாளன் வாழ்வில் வேறில்லை. ஆகையால் ஹெலிகாப்டரும் விமானமே என்று கொள்க.

இத்துறைக்கு விதி ஒன்றே. அதைச் சூத்திரமாகச் சொன்னால்:

இறங்கி எழாதது ஏறும் காசில்.

இதன் பொருள்: எந்த ஊர்தி ஒருமுறை இறங்கியபின் மீண்டும் எழவில்லையோ, அதுவே நாணயத்தில் ஏறும் தகுதி உடைத்து என்றவாறு. 'இறங்கி' என்றது விழுந்ததையும் தழுவும். 'எழாதது' என்றது எழ இயலாததையும், எழக் கூடாது என்று அரசு ஆணையிட்டதையும் ஒருங்கே குறிக்கும். பறந்துகொண்டிருக்கும் விமானம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிறது. அதற்கு நாணயம் அடிக்க யாருக்கும் தோன்றுவதில்லை. நின்றுபோன பிறகுதான் நாணயச்சாலைக்கு ஞாபகம் வருகிறது.

தலைச்சான்று, மேற்படி கால் டாலர். அமெரிக்க மாநிலங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கால் டாலர் என்று 1999இல் தொடங்கிய வரிசையில் 2001இல் வந்தது வட கரோலினா. அதன் பின்பக்கத்தை லென்ஸுக்கு அடியில் வைத்து, வெளிச்சத்தைச் சாய்வாக விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு அடுக்கு இறக்கை. கீழ் இறக்கைமேல் ஓர் ஆள் குப்புறப் படுத்திருக்கிறார். தரையில் இன்னோர் ஆள் நிற்கிறார். படுத்திருப்பவர் ஆர்வில் ரைட், நிற்பவர் அவருடைய அண்ணன் வில்பர். 1903 டிசம்பர் 17 அன்று கில் டெவில் ஹில்ஸ் மணற்பரப்பில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்துச் செதுக்கியது. படத்தை எடுத்த ஜான் டேனியல்ஸ், கடலோர உயிர்காப்பு நிலையத்து ஊழியர். அதற்குமுன் கேமராவைத் தொட்டதில்லை.

அண்ணன் தரையில் நிற்க, தம்பி ஏன் இறக்கையில் படுத்திருக்கிறார்? விமான வரலாற்றாசிரியர்கள் ஒரு வரியில் கடந்துபோகும் இந்தக் கேள்வியில்தான் ககனக் காசியலின் வேர் இருக்கிறது. மூன்று நாள் முன்னதாக, டிசம்பர் 14 அன்று, முதலில் யார் ஏறுவது என்று முடிவுசெய்யச் சகோதரர்கள் இருவரும் ஒரு காசைச் சுண்டினார்கள். பூவா தலையாவில் வென்றவர் வில்பர். ஏறினார். மூக்கைக் கொஞ்சம் அதிகமாகத் தூக்கிவிட்டார். மூன்றரை விநாடியில் இயந்திரம் மணலில் வந்து குத்தி, முன்பகுதி ஒடிந்தது. மராமத்துப் பார்த்துத் திரும்ப எடுத்தபோது முறை தம்பியுடையது. 12 விநாடி, 120 அடி. காசில் தோற்றவர் காசில் ஏறிப் படுத்துக்கொள்ள, ஜெயித்தவர் அவரைப் பார்த்தபடி நிற்கிறார். ஆக, ஒரு காசு தீர்மானித்த காட்சியைக் கிட்டத்தட்ட நூறு ஆண்டு கழித்து இன்னொரு காசு ஆவணப்படுத்தியிருக்கிறது. விமானத்துக்கும் நாணயத்துக்கும் இடையே இரத்தச் சம்பந்தம் உண்டு என்பதற்கு இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

சுண்டிய காசு எது என்பதில் இரு கட்சிகள் எழ வாய்ப்புண்டு. அன்று புழக்கத்தில் இருந்தவை, இறகுத் தலையணி அணிந்த தலை பொறித்த ஒரு சென்ட், ரோமன் எண்ணில் ஐந்து என்று பொறித்த நிக்கல் காசு, சார்லஸ் பார்பர் வடிவமைத்த வெள்ளிப் பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் முதலியன. பார்பரின் கால் டாலரில் பின்பக்கம் கழுகு இருப்பதால், பறக்கும் காரியத்துக்குப் பறவைக் காசே பொருந்தும் என்பர் ஒரு சாரார். அற்றன்று. ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். தங்கள் விமானத்தை ஆயிரம் டாலருக்குள் கட்டி முடித்தவர்கள். எஞ்சினைக்கூடக் கடை மெக்கானிக் சார்லி டெய்லரை வைத்தே செய்துகொண்டவர்கள். அப்படிப்பட்ட கைகள், மணலில் விழுந்து தொலையக்கூடிய காரியத்துக்கு ஒரு சென்ட்டுக்கு மேல் வெளியே எடுத்திருக்கா என்பது என் துணிபு.

இனி அளவை. எந்த விமானத்தையும் அதன் நாணயத்தால் அளப்பதே முறை. வட கரோலினாக் கால் டாலரின் விட்டம் 24.26 மில்லிமீட்டர். ஆர்வில் பறந்த 120 அடியை அந்தக் காசுகளை ஒட்டி ஒட்டி அடுக்கி அளந்தால் 1,508 காசு. அதாவது மனித குலத்தின் முதல் விமானப் பயணம் 377 டாலர் தூரம். அதே நாள் நான்காவது முறையாக வில்பர் 59 விநாடியில் பறந்த 852 அடியோ 2,676 டாலர் தூரம். காலையில் தொடங்கி மதியத்துக்குள் தூரம் ஏழு மடங்கு ஏறியிருப்பதைக் கவனிக்க. வேறெந்த முதலீடும் அரை நாளில் இந்த வளர்ச்சி காட்டியதாகத் தெரியவில்லை. நான்காவது பயணம் முடிந்து எல்லோரும் நின்று பேசிக்கொண்டிருந்தபோது ஒரு காற்று வந்து விமானத்தைப் புரட்டிப் போட்டது. அத்துடன் அது மறுபடி எழவே இல்லை. மொத்தப் பணிக்காலம் ஒரே நாள், நான்கு பயணம், இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. சூத்திரத்துக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது.

அடுத்து எடை. குருவாயூரில் பக்தரை ஒரு தட்டில் உட்கார வைத்து மறு தட்டில் வாழைப்பழம் அடுக்குவார்கள் அல்லவா, அதே துலாபாரத்தை ரைட் விமானத்துக்குச் செய்யலாம். ஆள் இல்லாத விமானம் 274 கிலோ. கால் டாலர் ஒன்று 5.67 கிராம். ஏறத்தாழ 48,300 காசு வைத்தால் தட்டு சமமாகும். மதிப்பு 12,000 டாலருக்குச் சற்று மேல். ஆயிரம் டாலருக்குள் கட்டிய பொருளை எடைக்கு எடை காசு வைத்து வாங்கினால் பன்னிரண்டு மடங்கு லாபம் நிற்கும். 1903இல் யாராவது ஒரு நாணய வியாபாரி அந்தப் பக்கம் போயிருந்தால் சகோதரர்கள் பழுதுபார்க்கும் கவலையே இல்லாமல் டேட்டனுக்குத் திரும்பியிருக்கலாம்.

டேட்டன் என்று சொன்னதும் ஒரு தகராறைச் சொல்லியாக வேண்டும். டேட்டன் இருப்பது ஓஹையோ மாநிலத்தில். பறந்தது வட கரோலினாவில். 'பறப்பதில் முதல்வர்' என்ற பொருள்பட ஒரு மாநிலம் தன் கார் நம்பர் பலகையில் எழுதிக்கொள்ள, 'விமானத்தின் பிறப்பிடம்' என்று மற்றது எழுதிக்கொண்டது. 2001இல் வட கரோலினாக் காசில் ரைட் விமானம் வந்தது. 2002இல் ஓஹையோக் காசு வந்தது. அதிலும் ரைட் விமானம், போதாததற்குப் பக்கத்தில் ஒரு விண்வெளி வீரர். நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஜான் க்ளென்னும் ஓஹையோக்காரர்கள். அன்று இருவரும் உயிரோடு இருந்தார்கள். உயிரோடு இருப்பவரின் உருவத்தை இந்த வரிசையில் பொறிக்கச் சட்டம் இடம்தரவில்லை. எனவே தலைக்கவசத்தை மாட்டி, முகத்தை மறைத்து, யாராகவும் இருக்கக்கூடிய ஒருவரை நிறுத்திவிட்டார்கள். சட்டமும் தப்பியது, ஊர்ப்பெருமையும் தப்பியது.

இந்தத் தகராறு எங்கள் குடும்பத்திலும் உண்டு. என் அத்தான், அக்காவின் கணவர், பல வருஷமாக ஓஹையோவில் குடியிருக்கிறார். ஊருக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஓஹையோக் காசு மட்டும்தான் கொண்டுவருவார். வட கரோலினா கேட்டால் கையில் அகப்படவில்லை என்பார். ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டேன்.

"மாப்ளே, சோறு வடிச்சது எங்க ஊரு. அங்க போயி இலை மட்டும்தான் போட்டாங்க. இலை போட்டவன் பேரையா எழுதுவாங்க?" என்றார்.

"காத்து யாரு ஊரு காத்து அத்தான்?" என்றேன்.

ஆய்வு நோக்கில் என் கேள்வியே வலுவானது. பலமான காற்றும் விழுந்தால் அடிபடாத மணலும் எங்கே என்று அரசு வானிலைத் துறையிடம் எழுதிக் கேட்டுவிட்டுத்தான் சகோதரர்கள் அந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தச் சண்டையில் மூன்றாவதாகக் குதித்த கனெக்டிகட் மாநிலம், ரைட்டுக்கு இரண்டு வருஷம் முன்பே குஸ்தாவ் வைட்ஹெட் என்பவர் எங்கள் ஊரில் பறந்தார் என்று 2013இல் சட்டமே இயற்றியது. பாவம், அவர்களுடைய கால் டாலர் 1999லேயே அச்சாகிவிட்டது. அதில் இருப்பது ஒரு மரம்.

எண்ணிக்கை பற்றி ஒரு குறிப்பு. உலகில் மிக அதிகமாகக் கட்டிய விமானம் எது என்று கேட்டால், 44,000க்கு மேல் வெளிவந்த செஸ்னா 172ஐச் சொல்வார்கள். போர் விமானம் என்றால் சுமார் 36,000 கட்டிய சோவியத் இல்-2. ரைட் சகோதரர்கள் அந்த மாதிரியில் கட்டியது ஒன்றே ஒன்று. ஆனால் வட கரோலினாக் காசு மட்டும் 105 கோடிக்கு மேல் அடிக்கப்பட்டது. ஓஹையோக் காசு 63 கோடி. ஆக, 168 கோடி ரைட் விமானங்கள் சட்டைப் பைகளிலும் கல்லாப் பெட்டிகளிலும் நிற்கின்றன. ஆளுக்குப் பாதிக்குச் சற்று மேல்தான் வரும் என்று இந்தியாவும் சீனாவும் சேர்ந்து குறை சொல்லலாமே தவிர, வேறெந்த நாட்டு விமானப்படையும் இந்த எண்ணிக்கையின் பக்கத்தில்கூட வர முடியாது.

அமெரிக்காவைத் தாண்டினால் சூத்திரம் இன்னும் இறுகுகிறது. கனடா 1958இல் பறக்கவிட்ட அவ்ரோ ஆரோ, அந்நாட்டுப் பொறியாளர்கள் கட்டிய ஒலியை மிஞ்சும் போர் விமானம். 1959 பிப்ரவரி 20, ஒரு வெள்ளிக்கிழமை, அரசு அந்தத் திட்டத்தையே ரத்து செய்தது. கட்டி முடித்த விமானங்களை மியூசியத்துக்குக்கூட மிச்சம் வைக்காமல் அறுத்துப் போட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போயிற்று. முப்பத்தேழு வருஷம் கழித்து, 1996இல், அதே நாட்டின் நாணயச்சாலை அதே விமானத்தை இருபது டாலர் வெள்ளி நாணயத்தில் பொறித்து, ஓரத்தில் தங்க முலாமில் ஒரு பொறியாளரின் சிறு உருவத்தையும் பதித்து, பெட்டியில் வைத்து விற்றது. அறுத்தவர்களே வெள்ளியில் வார்த்துக் கொடுத்ததை வாங்க எத்தனை பேருக்கு மனம் வந்திருக்கும் என்று நினைக்கலாம். எல்லோருக்கும் வந்திருக்கும். எனக்கு இருபது டாலர்தான் வரவில்லை.

ருமேனியாவின் ஆரெல் வ்லைக்கு 1910இல் தாமே கட்டிய விமானத்தில் பறந்தார். 1913இல் கார்பேத்திய மலையைக் கடக்கப் பார்த்து விழுந்து இறந்தார். 2010இல் 50 பானி காசில் ஏறினார். கிளைடர்களின் தந்தை ஓட்டோ லிலியந்தால் 1896இல் விழுந்தார். 1973இல் கிழக்கு ஜெர்மனியின் ஐந்து மார்க்கில் எழுந்தருளினார். பிரேசிலின் சான்டோஸ்-துமோன் கதை சற்று வேறு. 1906இல் பாரிஸில் எல்லோரும் பார்க்க அவர் பறந்ததுதான் உண்மையான முதல் பறத்தல் என்பது பிரேசில்காரர்களின் உறுதி. 1936இல் அவருக்கு 5,000 ரெய்ஸ் வெள்ளிக் காசு அடித்தார்கள். முன்பக்கம் அவர் தலை, பின்பக்கம் ஒரு சிறகு. விமானமும் இல்லை, இரண்டாவது சிறகும் இல்லை. உலகின் முதல் விமானம் எங்களுடையது என்று வாதிடும் தேசம் காசில் ஒற்றைச் சிறகோடு நிறுத்திக்கொண்டது என் ஆய்வில் இன்றுவரை ஆறாத புண்.

தாள் பணம் நாணயம் ஆகாது என்றாலும், இரண்டைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. லிதுவேனியாவின் பத்து லிதாஸ் தாளில் தாரியஸ், கிரேனஸ் என்ற இரு விமானிகளும் மறுபக்கம் கடலுக்கு மேலே அவர்களுடைய 'லிதுவானிகா' விமானமும் இருந்தன. 1933 ஜூலையில் நியூயார்க்கில் கிளம்பி, அட்லாண்டிக்கைக் கடந்து, ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்துவிட்டு, வீட்டுக்கு 650 கிலோமீட்டர் இருக்கும்போது காட்டில் விழுந்து இருவரும் இறந்தார்கள். பிரான்ஸின் 50 ஃப்ராங்க் தாளில் விமானியும் எழுத்தாளருமான செந்த்-எக்சுபெரி. 1944இல் அவர் ஓட்டிப் போன விமானம் திரும்பவில்லை. அதற்காகத் தாள் அடித்த தேசம், முதலில் அச்சிட்டவற்றில் அவர் பெயரின்மேல் இல்லாத ஒரு குறியைப் போட்டு எழுத்துப்பிழையோடு வெளியிட்டது. இத்தாள் எத்துறைக்கும் சேராவிட்டாலும் பிழைதிருத்துநர் துறைக்குச் சேரும்.

இனி மறுப்புகள். முதல் மறுப்பு: ஸ்பிட்ஃபயர் விமானங்கள் சில இன்றும் கண்காட்சிகளில் பறக்கின்றனவே, அது எப்படி இரண்டு பவுண்டில் ஏறிற்று? விடை: அவை பறப்பது போருக்காக அல்ல, நாம் அண்ணாந்து பார்ப்பதற்காக. போர் விமானம் வேடிக்கைக்குப் பறப்பது இறங்கியதற்குச் சமம். இரண்டாம் மறுப்பு இன்னும் கடுமையானது. அதே வரிசையில் உள்ள லைட்னிங், அப்போதுதான் பணியில் சேர்ந்த எஃப்-35. இறங்குவது இருக்கட்டும், அது ஒழுங்காக ஏறி முடிக்கும் முன்பே நாணயம் வந்துவிட்டது. இங்கே சூத்திரம் உடைகிறதோ எனின், உடையாது. லைட்னிங் என்ற பெயரில் பிரிட்டிஷ் விமானப்படையில் முன்னமே ஒரு விமானம் இருந்து 1988இல் ஓய்வுபெற்றது. தாத்தா பெயரை வைத்துக்கொண்ட பேரன், தாத்தாவின் தகுதியில் காசேறிவிட்டான் என்க. மூன்றாம் மறுப்பு நம்மூர்ப் பத்துப் பைசாவைக் காட்டி எழுவது: நெளிநெளி விளிம்பு வைத்த அந்தக் காசு அலுமினியம், ரைட் விமானத்து எஞ்சினின் உடலும் அலுமினிய வார்ப்பு. 2011 ஜூன் 30 முதல் பத்துப் பைசா செல்லாது. இறங்கியது, இனி எழாது. உலோகத்தாலும் விதியாலும் பொருந்துகிறதே, அப்படியானால் பத்துப் பைசாவே ஒரு விமானம்தானா? ஆம்.

இதுவரை விமானம் காசில் ஏறியதைப் பார்த்தோம். காசு விமானத்தை ஏற்றியதும் இறக்கியதும் உண்டு.

ஏற்றியதற்கு 1940. பிரிட்டனில் விமான உற்பத்திக்குப் பொறுப்பேற்ற பீவர்புரூக் பிரபு, ஸ்பிட்ஃபயர் ஒன்றுக்கு 5,000 பவுண்டு என்று ஒரு விலையைச் சொல்லி மக்களிடம் வசூலைத் தொடங்கிவைத்தார். அடக்கவிலை அதைவிட அதிகம். வசூலுக்குச் சொல்ல முழு எண் வசதி. இறக்கைக்கு 2,000 பவுண்டு, ஒரு ரிவெட்டுக்கு ஆறு பென்ஸ் என்று உதிரிபாக விலைப்பட்டியலும் இருந்தது. பள்ளிப் பிள்ளைகளும் ஒரு ரிவெட் வாங்கலாம். இந்த வசூலில் மதராஸ் மாகாணமும் சேர்ந்தது. பிரிட்டிஷ் விமானப்படையின் 79ஆம் அணி, 234ஆம் அணி இரண்டின் பெயரோடும் 'மதராஸ் பிரசிடென்சி' ஒட்டிக்கொண்டது அதனால்தான். 79ஆம் அணியிடம் ஹரிக்கேன், 234ஆம் அணியிடம் ஸ்பிட்ஃபயர்.

அன்றைய மாற்று விகிதம் ஒரு ரூபாய்க்கு 18 பென்ஸ். அந்தக் கணக்கில் ஒரு ரிவெட் 5 அணா 4 தம்பிடி. முழு ஸ்பிட்ஃபயர் 66,666 ரூபாய் 10 அணா 8 தம்பிடி. அந்த எட்டுத் தம்பிடியை யார் போட்டார்கள் என்பது மாகாண வரலாற்றில் எழுதப்பட வேண்டிய பக்கம். துலாபாரமும் பார்த்துவிடுவோம். ஒரு ரூபாய் ஒரு தோலா, 11.66 கிராம். மேற்படி தொகை வெள்ளி ரூபாயாக 777 கிலோதான் வரும். ஸ்பிட்ஃபயரோ வெறும் வண்டியாகவே இரண்டு டன்னுக்கு மேல். ரைட் விமானத்தைப் போலவே இங்கும் லாபம்தான்; எடைக்கு எடை காசு வைத்தால் கிட்டத்தட்ட மூன்று விமானம் வாங்கலாம். இதற்கிடையே போர்க்கால உலோகத் தட்டுப்பாட்டில் அரசு 1940இல் ரூபாயின் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. 1943இல் காலணாவின் நடுவில் ஓட்டையே போட்டுவிட்டது. வசூலிலும் கொடுத்து, உலோகத்திலும் கொடுத்தது மதராஸ்.

காசு விமானத்தை இறக்கியதற்குச் சான்று 2017 ஜூன். ஷாங்காய் புடோங் விமான நிலையத்தில், விமானம் ஏற வந்த 80 வயதுப் பாட்டி ஒருவர், பயணம் பத்திரமாக அமைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எஞ்சினை நோக்கி ஒன்பது காசுகளை எறிந்தார். எட்டு வெளியே விழுந்தன. ஒன்று உள்ளே போய்விட்டது. ஏறக்குறைய 150 பயணிகளை இறக்கி, எஞ்சினைத் துழாவி, அந்த ஒன்றை எடுத்துவிட்டுக் கிளம்ப ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஒன்பது காசின் மொத்த மதிப்பு 1.7 யுவான். ஐந்து மணி என்றே வைத்துக் கணக்கிட்டால் 750 பயணி-மணி; யுவானுக்கு 441 பயணி-மணி தாமதம். விமானத்துறைப் பொறியாளர்கள் இதை 'அந்நியப் பொருளால் சேதம்' என்ற தலைப்பின்கீழ் குறித்துக்கொள்வார்கள். அத்தலைப்பை ககனக் காசியல் வன்மையாக மறுக்கிறது. காசு விமானத்துக்கு அந்நியம் அல்ல என்பதை 1903லிருந்து நிறுவிக்கொண்டு வருகிறோம். ஆனாலும் பாட்டியின் வேண்டுதல் பலிக்கவில்லை என்று சொல்ல முடியாது. எல்லோரும் பத்திரமாகவே போய்ச் சேர்ந்தார்கள்.

பாதுகாப்பு பற்றி ஒரு சொல். வெளிநாட்டுக் காசு வீட்டுக்கு வந்ததும் பெரியவர்கள் முதலில் செய்ய நினைப்பது அதைப் புளியோ விபூதியோ போட்டு விளக்குவது. புளியின் அமிலம் மேல்தோலை அரித்துவிடும். விபூதியின் பொடி கண்ணுக்குத் தெரியாத கோடுகளாகக் கீறிவிடும். காசு பளபளப்பாகும், ஆர்வில் ரைட் மழுங்கிவிடுவார். எந்தக் காசிலும் மேடான இடமே முதலில் தேயும். மலிவான பிவிசி உறையும் ஆகாது. சில வருஷத்தில் அது கக்கும் பிசுபிசுப்பு காசைப் பச்சையாக்கிவிடும். விளிம்பைப் பிடித்துத் தூக்கி, கேப்சூலில் போட்டு, கொலுப் படியில் வைக்கச் சொல்லி யார் கேட்டாலும் கொடுக்காமல் இருந்தால் போதும்.

இவ்வாய்வின் நடைமுறைப் பயன் ஒன்று உண்டு: சூத்திரத்தைக் கொண்டு அடுத்து எது காசேறும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். செவ்வாய்க் கிரகத்தில் இப்போது ஒரு காசு இருக்கிறது. 2012இல் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி வண்டியில், கேமராவைச் சரிபார்க்க ஒட்டிவைத்த 1909ஆம் ஆண்டின் லிங்கன் ஒரு சென்ட் அது. அங்கிருந்து ஏறக்குறைய 3,700 கிலோமீட்டர் தள்ளி, ஜெசெரோ பள்ளத்தில், இன்ஜெனுவிட்டி என்ற சிறு ஹெலிகாப்டர் நிற்கிறது. அதன் சூரியத் தகட்டின் அடியில் 1903 ரைட் விமானத்து இறக்கைத் துணியின் ஒரு துண்டைக் கட்டி அனுப்பியிருந்தார்கள். 2021 ஏப்ரல் 19 அன்று முதன்முறையாக எழும்பி 39 விநாடி பறந்தது. மொத்தம் 72 முறை பறந்துவிட்டு, 2024 ஜனவரியில் இறங்கும்போது இறக்கை உடைந்து நின்றுவிட்டது. ஹெலிகாப்டரும் விமானமே என்று தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டோம். இறங்கியது, இனி எழாது. தகுதி முழுமை. சுழல் இறக்கையின் நீளம் 1.2 மீட்டர், கால் டாலரின் விளிம்புக்கு விளிம்பு தொடும்படி பொறித்தால் ஐம்பதில் ஒரு பங்கு அளவில் கச்சிதமாகப் பொருந்தும். நாணயச்சாலை இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இன்ஜெனுவிட்டியின் எடை 1.8 கிலோ. துலாபாரத்துக்கு 318 கால் டாலர் போதும். 79 டாலர் 50 சென்ட். இந்தத் தொகையைத் தாமே தருவதாக அத்தான் ஒப்புக்கொண்டார். பிறகு யோசித்துப் பார்த்துவிட்டு, செவ்வாயில் ஈர்ப்பு விசை பூமியில் இருப்பதில் நூற்றுக்கு 38தான், எனவே 121 காசு கொடுத்தால் போதும் என்று தகவல் அனுப்பியிருக்கிறார். தராசின் இரண்டு தட்டும் ஒரே கிரகத்தில்தானே இருக்கும் என்று பதில் எழுதியிருக்கிறேன். 318ஐயும் வட கரோலினாவாகவே அனுப்பும்படி கேட்டிருக்கிறேன்.